எங்கள் வீட்டு எம்.எட்.!

"இரண்டு வயசுப் பிள்ளையை வைத்துக் கொண்டு எவளாவது படிக்கப் போவாளா?"

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் முதலில் கேட்டது மாமியார் இல்லை, நான்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதினால்தானே படிக்கிற சகோதரிகளுக்குப் பிரயோஜனம்?

எங்களுடையது கூட்டுக் குடும்பம். மாமியார், நான், என் வீட்டுக்காரர், காலேஜ் போகும் என் பையன், கொழுந்தனார், அவர் மனைவி, அவர்களுடைய வாண்டு என்று ஏழு உருப்படிகள். நான் பிளஸ் டூவோடு நின்றவள். என் ஓரகத்தி, 'சின்னவள்' என்று கூப்பிடுவோம், பிளஸ் டூ முடித்ததும் இரண்டு வருட ஆசிரியர் பட்டயப் படிப்பு படித்தவள். அப்புறம் தபால் வழியில் பி.ஏ., கல்யாணத்துக்கு முன்பே பி.எட். ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். சம்பளம் பன்னிரண்டாயிரம்.

2023-ஆம் வருஷம் ஒரு நாள் ராத்திரி, சாப்பாடெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போது மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, எம்.எட். சேரலாம்னு இருக்கேன். ரெண்டு வருஷம். வேலையை விட்டாகணும். வாண்டைத்தான்... நீங்க பார்த்துக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. 'அதுதானே பார்த்தேன். இவள் புத்தகத்தோடு பஸ் ஏறுவாள், நான் அடுப்பையும் பிள்ளையையும் கட்டிக் கொண்டு அழ வேண்டுமா?' என்று மனசு பொருமியது. வாயிலிருந்து வந்ததுதான் மேலே எழுதியிருக்கும் கேள்வி.

அவள் பதில் பேசவில்லை. கழுவின தட்டையே மறுபடி கழுவிக் கொண்டிருந்தாள்.

எதற்கு இந்தப் படிப்பு?

மறுநாள் கொழுந்தனார் என் வீட்டுக்காரரிடம் விளக்கினார். நானும் கதவோரம் நின்று கேட்டேன். எனக்குப் புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால், 'டீச்சர் படிப்பு' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல படிகள் இருக்கின்றன.

ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை சொல்லிக் கொடுப்பவர்களுக்கு நம் ஊரில் 'இடைநிலை ஆசிரியர்', அதாவது செகண்டரி கிரேடு என்று பெயர். பெயரைப் பார்த்துப் பெரிய வகுப்பு டீச்சர் என்று நினைத்து விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பழக்குகிறவர் அவர்தான். அதற்குரியது பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடப் பட்டயப் படிப்பு. பட்டம் வாங்கி பி.எட். முடித்தவர்கள் ஆறாம் வகுப்புக்கு மேலே எடுக்கும் பட்டதாரி ஆசிரியர்கள்.

'பி.எட். பெரிய படிப்பாயிற்றே, அவர்களே ஒன்றாம் வகுப்பும் எடுக்கலாமே' என்று தோன்றும். 2018-இல் அப்படித்தான் அனுமதித்தார்கள். ஆனால் 2023 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லி விட்டது. சின்னக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது தனி வித்தை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதுதான் காரணம். எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி பி.எட். மட்டும் படித்து விட்டுத் தொடக்கப் பள்ளி வேலைக்குக் காத்திருந்தாள். தீர்ப்பு வந்த அன்று அவள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது.

சரி, எம்.எட். எதற்கு? அது ஆசிரியர்களை உருவாக்குகிறவர்களுக்கான படிப்பு. நாளைக்கு டீச்சராகப் போகிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, பாடத்திட்டம் வகுப்பது, பிள்ளைகள் ஏன் படிக்கத் தடுமாறுகிறார்கள் என்று ஆராய்வது இவையெல்லாம் அதில் அடக்கம். ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சில் 2014-இல் கொண்டு வந்த விதிகளின்படி அது இரண்டு வருடப் படிப்பாயிற்று. அதில் தொடக்கக் கல்வியையே சிறப்புப் பாடமாக எடுத்துக் கொள்ளவும் வழி வைத்தார்கள். சின்னவளுக்கு அதில்தான் கண்.

"நாற்பது பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன் அக்கா. அதுல பத்துப் பிள்ளைங்க எவ்வளவு சொன்னாலும் பின்னாடியே நிக்குது. ஏன்னு எனக்குத் தெரியல. தெரியாமலே வருஷா வருஷம் அடுத்த வகுப்புக்கு அனுப்பிட்டிருக்கேன். அது உறுத்துது" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர், "படிக்கட்டும்" என்று ஒரு வார்த்தையில் முடித்து விட்டார். ஆண்களுக்கு என்ன, ஒரு வார்த்தை! மாமியார் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

விடிகாலை நாலு மணி

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது லேசுப்பட்ட படிப்பு இல்லை என்று. கல்வி உளவியல், கல்வித் தத்துவம், சமூகவியல், ஆராய்ச்சி முறை, புள்ளியியல் என்று பாடங்கள். நடுவில் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்குப் போய் அங்கே படிக்கும் பெண்கள் எப்படிப் பாடம் எடுக்கிறார்கள் என்று பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். கடைசியில் ஓர் ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டும். வகுப்புக்கு 80 சதவீதம் வருகை வேண்டும்; களப்பயிற்சிக்கு 90. பிள்ளைக்கு ஜலதோஷம், வீட்டில் விசேஷம் என்று லீவு போட முடியாது.

நாலு மணிக்கு எழுந்து படிப்பாள். ஐந்தரைக்கு இட்லி ஊற்றி, வாண்டுக்குப் பால் ஆற்றி வைத்து விட்டு, ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பாள். பஸ் திரும்பும் வரை வாண்டு வாசல் திண்ணையில் நின்று அழும். நான் தூக்கிக் கொண்டு உள்ளே வருவேன். மனசுக்குள் அவளைத் திட்டிக் கொண்டேதான் வருவேன். பொய் சொல்ல மாட்டேன்.

போகிக்குப் போக இருந்த நோட்டு

2024 போகிக்கு முதல் நாள். பரணைச் சுத்தம் செய்து பழைய நோட்டுகளையெல்லாம் கொல்லையில் குவித்திருந்தேன், காலையில் கொளுத்துவதற்கு. சின்னவள் வந்து பார்த்தாள். என் பையன் இரண்டாம் வகுப்பில் எழுதிய கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டியவள், அப்படியே கீழே உட்கார்ந்து விட்டாள்.

"அக்கா, இதைக் கொளுத்த வேணாம். எனக்குக் குடுத்துடுங்க."

"பக்கத்துக்குப் பக்கம் தப்பு. அது எதுக்கு உனக்கு?" என்றேன்.

அந்த நோட்டு எனக்கு மறக்குமா? 'நூற்றைந்து எழுது' என்றால் அவன் 1005 என்று எழுதுவான். 'தொண்ணூற்றிரண்டு' என்றால் 1002 என்பான். டீச்சர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு அனுப்புவார். நான் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கரண்டிக் காம்பால் முட்டியில் தட்டுவேன். "மக்கு, மக்கு! எத்தனை தடவை சொல்வது?" என்பேன். நூறு தடவை இம்போசிஷன் எழுத வைத்திருக்கிறேன். அவனும் அழுது கொண்டே எழுதுவான். மறுநாள் மறுபடி 1005.

சின்னவள் சொன்னாள்: "இதுல தப்பே இல்லக்கா. அவன் காதுல கேட்டதை எழுதியிருக்கான். நூறுன்னா 100. அஞ்சுன்னா 5. பக்கத்துல பக்கத்துல வச்சிட்டான். ஒரு எண் எந்த இடத்துல நிக்குதோ அதைப் பொறுத்துத்தான் அதுக்கு மதிப்புங்கறது அவனுக்கு இன்னும் பிடிபடல. அவ்வளவுதான்."

"அப்போ தொண்ணூற்றிரண்டு?"

"நீங்களே சொல்லிப் பாருங்க. இருபது, முப்பது, நாற்பது... எண்பது வரைக்கும் 'பது'ன்னு முடியுது. அடுத்தது தொண்பதுன்னா வருது? தொண்ணூறு! அதுல நூறு ஒளிஞ்சிருக்கு. எண்ணூறுக்கு அப்புறம் பாருங்க, தொள்ளாயிரம். அதுல ஆயிரம் ஒளிஞ்சிருக்கு. நம்ம தமிழ்ல எண்ணுப் பேர் அப்படி. பிள்ளை நூறுன்னு கேட்டதும் 100 போட்டு, ரெண்டையும் சேர்த்துட்டான். இது மக்குத்தனம் இல்லக்கா, நல்லாக் காது கொடுத்துக் கேட்டிருக்கான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பையனுக்கு அதற்கப்புறம் கணக்கென்றாலே வயிற்று வலி வரும். பத்தாம் வகுப்பு வரை கணக்குப் பரீட்சை அன்று சாப்பிடாமல்தான் போவான். 'நமக்குக் கணக்கு வராது' என்று அவனே முடிவு கட்டி விட்டான். அந்த முடிவை அவனுக்குக் கட்டிக் கொடுத்தவள் நான்.

அன்று ராத்திரி அவனிடம் போய், "அப்போ நீ எழுதினது தப்பு இல்லையாம்டா" என்றேன். அவன் செல்போனிலிருந்து தலை நிமிர்ந்து, "இப்போ சொல்லி என்னம்மா பண்றது?" என்று சிரித்தான். சிரிப்புத்தான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மார்ச் மாதத்து மதியம்

இரண்டாம் பருவம். சின்னவள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பயிற்சி நிறுவனத்தில் களப்பயிற்சிக்குப் போயிருந்தாள். வாண்டுக்குக் காலையிலிருந்தே உடம்பு சூடு. மதியம் என் மடியில் படுத்திருந்தவன் திடீரென்று கண் செருகி, கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தான்.

மாமியார் அலறினார். பக்கத்து வீட்டு அம்மா சாவிக் கொத்தை எடுத்துக் கொண்டு ஓடி வந்தார், கையில் கொடுக்க. இன்னொருவர் பல் கிட்டாமல் இருக்க வாயில் கரண்டி வை என்றார். என் பையனுக்கு ஒன்றரை வயதில் இதே போல் ஜுர வலிப்பு வந்தபோது கிராம நர்ஸம்மா சொன்னது நல்ல வேளையாக ஞாபகம் வந்தது. வாண்டைத் தரையில் பாய் மேல் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினேன். வாயில் எதையும் வைக்க விடவில்லை. கை காலை அழுத்திப் பிடிக்கவும் விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷத்தில் நின்று விட்டது. அந்த இரண்டு நிமிஷம் எனக்கு இரண்டு யுகம். உடனே ஆட்டோவில் ஆஸ்பத்திரி.

டாக்டர் சொன்னதை எல்லா இளம் தாய்மார்களும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள சில குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது இப்படி வரலாம். பெரும்பாலும் சீக்கிரம் நின்று விடும்; மூளைக்குக் கெடுதல் ஏற்படுவதில்லை. வலிப்பின்போது வாயில் தண்ணீர், மருந்து, விரல், கரண்டி எதுவும் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். தானே நின்று விட்டாலும், முதல் தடவை என்றால் கட்டாயம் டாக்டரிடம் காட்டிக் காரணம் தெரிந்து கொள்ள வேண்டும்.

சாயங்காலம் சின்னவள் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மாமியார், "போதும்டியம்மா உன் படிப்பு! பிள்ளை இருந்தாத்தான் அம்மா" என்றார். அவள் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. வாண்டைத் தோளில் போட்டுக் கொண்டு, "நாளையிலேர்ந்து போகல அத்தை" என்றாள்.

ஒரு வருஷத்துக்கு முன்பாக இருந்தால், 'அப்பாடா' என்றிருப்பேன். அன்று என் கண் முன்னால் நின்றது அந்த நோட்டும் சிவப்பு மையும்தான்.

"அத்தை, காய்ச்சல் வந்தது இவள் படிக்கப் போனதாலா? இவள் வீட்டில் இருந்திருந்தாலும் வந்துதான் இருக்கும். நான் இருந்தேன், பார்த்துக் கொண்டேன். இனியும் பார்த்துக் கொள்வேன்" என்றேன். சின்னவளிடம், "பாதியில் விட்டாயானால் நான் உன்னோடு பேச மாட்டேன்" என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மாமியார் கோபித்துக் கொண்டார்தான். இரண்டு நாள் கழித்து அவரைக் கரைத்தது என் பேச்சு இல்லை. சின்னவள் மொச்சை உரித்துக் கொண்டே சொன்ன ஒரு கதை. கதை கூட இல்லை, நடந்தது. பிள்ளைப் பருவத்திலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911-இல் சென்னை மாகாணத்தில் பி.ஏ. பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் ஆனார். தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்து, சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்க வைத்துப் படிக்க வைத்தார். அவர்களில் பலர் ஆசிரியைகள் ஆனார்கள். 1922-இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல்வரானார். அந்தக் காலத்தில் முடங்கிக் கிடந்திருக்க வேண்டிய பெண்களுக்குச் சோறும் மரியாதையும் போட்டது இந்த டீச்சர் படிப்புத்தான்.

மாமியார் கேட்டுக் கொண்டே இருந்தார். "எங்க பெரியம்மாவும் பத்து வயசிலே தாலி அறுத்தவதான். அவளுக்கு இப்படி ஒருத்தர் கிடைக்கல" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை வாண்டின் பால் டம்ளரை அவரே எடுத்துக் கொண்டார்.

ஈர்க்குச்சியும் கல்யாணப் பத்திரிகையும்

சின்னவள் தன் ஆய்வுக்கு எடுத்துக் கொண்ட விஷயம் என்ன தெரியுமா? 'இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் காதால் கேட்ட எண்ணை எழுதும்போது செய்யும் பிழைகள்.' என் பையனின் நோட்டிலிருந்து முளைத்தது!

அதற்கான சாமான்கள் தயாரானது எங்கள் வீட்டுக் கூடத்தில். தென்னை ஈர்க்கைச் சம அளவில் நறுக்கிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டோம். பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு, அது நூறு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை மூன்று நீளத்தில் வெட்டினோம். நீள அட்டையில் 100, நடுத்தர அட்டையில் 10, 20, 30 என்று 90 வரை, சின்ன அட்டையில் 1 முதல் 9 வரை. 100 அட்டையின் மேல் 5 அட்டையை வலது ஓரம் பொருந்த வைத்தால், கடைசிச் சுழியம் மறைந்து 105 தெரியும். 'நூறு எங்கேயும் போகவில்லை, அடியில்தான் இருக்கிறது' என்று பிள்ளைக்கே கண்ணால் தெரிந்து விடும்.

இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை. கை ஓய்ந்த நேரத்தில் கால் மணி போதும்.

எழுத்திலும் இப்படித்தான் என்றாள். 'கெ' என்று சொல்லும்போது முதலில் கேட்பது 'க்' ஒலி. எழுதும்போது முதலில் வருவது கொம்பு. 'கொ'வுக்கோ முன்னால் கொம்பு, பின்னால் கால். குழந்தைக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? திட்டுவதற்கு முன் இதை ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

2022-இல் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்தினார்கள் அல்லவா? எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்க முடியாது என்பதுதான் அதன் சாரம் என்று எனக்கு இப்போது புரிகிறது.

சேர நினைப்பவர்களுக்கு

சின்னவள் பட்ட அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை:

• முதலில் கல்லூரிக்கு தேசிய கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 'வர வேண்டாம், பணம் மட்டும் கட்டுங்கள், சான்றிதழ் வீட்டுக்கு வரும்' என்று ஓர் இடத்தில் எங்களிடமே சொன்னார்கள். முன்பணத்தை எடுத்துக் கொண்டு போன கொழுந்தனார் நல்ல வேளையாகத் திரும்பி வந்தார்.

• 2014 விதிகளின்படி எம்.எட்.டுக்கு பி.எட்.டில் 50 சதவீதம் வேண்டும். பட்டத்தோடு தொடக்கக் கல்விப் பட்டயம் படித்தவர்களும், இரண்டிலும் 50 சதவீதம் இருந்தால் சேர அந்த விதிகள் இடம் கொடுத்தன. 2025-இல் ஒரு வருட எம்.எட். கொண்டு வர வரைவு விதிகள் வெளியிட்டார்கள். ஆகவே சேரும் வருஷத்து அறிவிப்பை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

• எம்.எட். இருந்தால் போதும், பள்ளிக்கூட வேலை வந்து விடும் என்று நினைக்காதீர்கள். ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை ஆசிரியராக 'டெட்' என்னும் தகுதித் தேர்வு வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை முதல் தாள். ஆறு முதல் எட்டு வரை இரண்டாம் தாள். கல்வியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் எம்.எட்.டோடு ஒரு பாடத்தில் முதுகலையும், நெட் அல்லது பி.எச்.டி.யும் கேட்பார்கள்.

• பண விஷயத்தை முதலிலேயே பேசி விடுங்கள். சம்பளம் நின்று விடும், பீஸ் கட்ட வேண்டும், பஸ் செலவு, புத்தகம், ஆய்வேடு டைப் அடிக்க, பைண்டு பண்ண. இரண்டாம் வருஷம் என் வளையல்கள் பாங்கியில் அடகுக்குப் போயின. நானாகக் கழற்றிக் கொடுத்தேன் என்பதால் எனக்குக் குறையில்லை.

• எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையை யார் பார்ப்பது என்பதைத் தெளிவாகப் பேசுங்கள். 'அக்கா பார்த்துக் கொள்வாள்' என்று நினைத்துக் கொள்ளாமல், அந்த அக்காவைக் கேளுங்கள். சின்னவள் என்னைக் கேட்டாள். அதனால்தான் கோபம் இருந்தாலும் என்னால் மறுக்க முடியவில்லை.

இப்போது

2025-இல் சின்னவள் முதல் வகுப்பில் தேறினாள். இப்போது ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர். சம்பளம் ஒன்றும் பிரமாதமில்லை. பழையதை விடக் கொஞ்சம் கூட. வளையலில் இரண்டை மீட்டாயிற்று, இரண்டு பாக்கி. நெட் தேர்வுக்கு மறுபடி நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள். வாண்டு எல்.கே.ஜி. போகிறான், அதற்கப்புறம் வலிப்பு வரவில்லை.

"நீங்களும் ஏதாவது படிங்களேன் அக்கா" என்கிறாள். எனக்கு இனிப் படிப்பெல்லாம் எங்கே? ஆனால் சாயங்காலம் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுப் பாடத்தோடு எங்கள் திண்ணைக்கு வருகிறார்கள். போன வாரம் ஒரு சிறுமி நூற்றைந்தை 1005 என்று எழுதினாள். அவள் பாட்டி கையை ஓங்கினார்.

"இருங்கம்மா" என்று தடுத்து விட்டு, உள்ளே போய் அட்டைகளை எடுத்து வந்தேன். கல்லூரியிலிருந்து வந்த என் பையன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக் கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சிறுமி பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த அஞ்சை எங்கே வைப்பே, சொல்லு?" என்று கேட்க ஆரம்பித்தான்.